சூடு முந்தியா, புளிப்பு முந்தியா

டெல்லித் தமிழர் வாட்ஸ்அப் குழு எதில் இருந்தாலும் சரி, ஆண்டுக்கு இரண்டு முறை பால் பஞ்சாயத்து வந்தே தீரும். டிசம்பர் கடைசியில், "தயிர் உறையவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்களேன்." மே மாதம் பிறந்தால், "காலையில வாங்கின பாக்கெட், அடுப்புல வெச்ச உடனே திரிஞ்சு போச்சு. உங்க வீட்லயும் இப்படியா?" முதல் கேள்விக்குக் கைவைத்தியம் கொட்டும்: அரிசி டப்பாவுக்குள் வை, இன்வர்ட்டர் மேல் வை, பழைய ஸ்வெட்டரைச் சுற்று, பச்சை மிளகாய்க் காம்பு இரண்டு போடு. இரண்டாவது கேள்வி பால் கம்பெனியைத் திட்டுவதோடு முடிந்துவிடும். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன.

பாடப்புத்தகத்தில் 'புரதங்களின் இயல்பிழத்தல்' என்று, அதாவது புரதம் தன் வடிவம் குலைவதைப் பற்றி, ஒரு பத்தி உண்டு. வெப்பம், பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) மாற்றம், ஆல்கஹால், கன உலோக உப்பு என்று காரணங்களை அடுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பட்டியல் மேல் பழைய கோபம். வெப்பம் தனியாக வந்து ஒரு வேலை செய்துவிட்டுப் போகும், அமிலம் வேறொரு நாள் வந்து இன்னொரு வேலை செய்யும் என்று நம்ப வைக்கிறது. அடுப்படியிலும் உடம்பிலும் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. எது முந்தி வந்தது, என்ன வேகத்தில் வந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஒரே லிட்டர் பால் தயிராவதும் பன்னீராவதும் சிங்க்கில் போய்ச் சேர்வதும் அந்த வரிசையால்தான்.

முதலில் பாலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பூத்தில் கிடைக்கும் ஃபுல் க்ரீம் பாலில் சட்டப்படி 6 சதவீதம் கொழுப்பும் 9 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும். டோன்டு பாலில் இதுவே 3, 8.5. தயிரைக் கட்டியாக்குவது கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பு தருவது வழவழப்பு. கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரி நிற்க வைப்பது அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கும் புரதம். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மிச்சம், ஜிம்முக்குப் போகிற பையன்கள் டப்பாவில் வாங்கிக் குடிக்கிறார்களே, அந்த வே புரோட்டீன்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் குணம் நேர் எதிர். கேசீன் கொதித்தாலும் அசைந்து கொடுக்காது, ஆனால் புளிப்பு பட்டால் விழுந்துவிடும். வே புரதம் புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும், சூட்டில் கலைந்துவிடும்.

கேசீன் தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, நடுவே கால்சியம் பாஸ்பேட் பசைபோலப் பிடித்திருக்க, நுண்ணிய உருண்டைகளாகத் திரிகிறது. உருண்டையின் மேல்பரப்பில் கப்பா கேசீன் என்ற வகை மட்டும் முடி முடியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குற்றால சீசனில் கூடைகூடையாக ரம்புட்டான் விற்பார்களே, அந்தத் தோற்றம்தான். முடியெல்லாம் எதிர்மின்சுமை. ஒரு உருண்டை இன்னொன்றின் பக்கத்தில் வந்தால் தள்ளிவிடும். பால் அடியில் தங்காமல் பாலாகவே இருப்பதற்குக் காரணம் இந்தத் தள்ளுமுள்ளுதான்.

வே புரதத்தின் கதை வேறு. அதன் முக்கிய ஆளான பீட்டா லாக்டோகுளோபுலின் ஒழுங்காக மடிந்த, இறுக்கமான புரதம். இந்த மடிப்பு என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலிதான் எந்தப் புரதமும். அந்தச் சங்கிலி எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வளைய முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்கள் நடக்கும், எவை நடக்காது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஜி.என். இராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒரு வரைபடத்தில் அடக்கிக் காட்டினார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். என் வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லையே என்று யாராவது கேட்டால், இல்லாதது பாடத்திட்டத்தின் குறை என்பேன்.

பால் காய்ச்சுகிற சூட்டுக்கு அந்தச் சங்கிலி அறுவதில்லை. மடிப்பு மட்டும்தான் கலைகிறது. மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள், எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, தண்ணீர் ஆகாத பகுதிகள் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும் போக்கு. சில புரதங்களில் கந்தகப் பாலங்களும் உண்டு. எல்லாம் கூட்டிக் கழித்தால், மடிந்த நிலைக்கும் குலைந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குச் சமம், அவ்வளவுதான். இத்தனை பெரிய மூலக்கூறு இவ்வளவு மெல்லிய லாபத்தில் பிழைப்பு நடத்துகிறது. அதனால்தான் சில டிகிரி கூடினால் போதும், குலைந்துவிடுகிறது.

குலைந்தது திரும்பி வருமா? வரலாம். கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவால் குலைத்துப் போட்டு, கந்தகப் பாலங்களையும் அறுத்துவிட்டு, பிறகு அந்த ரசாயனங்களை நீக்கிப் பார்த்தார். அது தானாகவே பழையபடி மடிந்து வேலைக்குத் திரும்பியது. வடிவத்துக்கான தகவல் முழுக்கச் சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காக 1972-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் வேகவைத்த முட்டை திரும்புவதில்லை. அங்கே குலைந்த சங்கிலிகள் நெருக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பக்கத்தில் யாரும் இல்லாதபோது குலைந்தால் திரும்பலாம், கூட்டத்தில் குலைந்தால் சிக்கிக்கொள்ளும்.

இப்போது பாலுக்கு வருவோம். 70 டிகிரியைத் தாண்டும்போது பீட்டா லாக்டோகுளோபுலின் விரியத் தொடங்கும். உள்ளே மறைந்திருந்த ஒரு கந்தக முனை வெளியே வரும். அது போய்க் கேசீன் உருண்டையின் முடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சிய பாலுக்கு ஒரு தனி வாசனை இருக்கிறதல்லவா, அதில் இந்தக் கந்தகத்துக்கும் பங்கு உண்டு. 85, 90 டிகிரியில் சில நிமிடங்கள் நின்றால் வே புரதத்தில் பெரும்பகுதி இப்படி உருண்டைகளோடு சேர்ந்துவிடும். பிறகு புளிக்கும்போது எல்லாம் சேர்ந்தே வலை பின்னும், தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் செய்ததுதானே, லேசாகச் சூடு பண்ணி உறை ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். பாஸ்ச்சரைஸ் என்பது 72 டிகிரியில் 15 வினாடி. கிருமிக்கு அது போதும், இந்த ஒட்டுதலுக்குப் போதாது. தயிர் நீர்த்துத்தான் போகும்.

புளிப்பு செய்வது வேறு வேலை. அமிலம் என்றால் ஹைட்ரஜன் அயனிகள். அவை போய்ப் புரதத்தின் எதிர்மின்சுமை முனைகளில் உட்கார்ந்து சுமையை அணைக்கின்றன. கேசீனுக்குப் பி.எச். 4.6-இல் கூட்டல் கழித்தல் சரியாகப் போய் நிகரச் சுமை சுழியாகிறது. சமமின் புள்ளி என்பார்கள். நடுவில் பிடித்திருந்த கால்சியம் பாஸ்பேட்டும் அதற்கு முன்பே கரைந்து வெளியேறிவிடும். தள்ளிவிட ஆள் இல்லை, உருண்டைகள் ஒட்டத் தொடங்குகின்றன. இந்தப் பி.எச். என்ற அளவுகோலே புரதத்தால் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன், நொதிகளின் வேலை அமிலத்தன்மையோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கப்போய், எழுதுவதற்கு வசதியாக 1909-இல் இதைக் கொண்டுவந்தார்.

ஆக, தயிரின் வரிசை இது: முதலில் நல்ல சூடு, பிறகு ஆறவைத்தல், கடைசியில் மெதுவான புளிப்பு. மெதுவாக என்பதில்தான் சூட்சுமம். பாக்டீரியா இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக லாக்டிக் அமிலம் விடுகிறது. உருண்டைகள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சுமை இழந்து, நிதானமாகக் கைகோத்து, பாத்திரம் முழுக்க ஒரே வலையாகின்றன. நடுவில் யாராவது தட்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் வலை அறுந்து தண்ணீர் விட்டுவிடும். உறைகிற பாத்திரத்தைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஜனவரியில் இங்கே வெளியே 5 டிகிரி, சமையலறை 12, 13-க்கு இறங்கிவிடும். தயிர் பாக்டீரியாவுக்கு வேண்டியது 30-க்கு மேல், சில வகைகளுக்கு 40-க்கும் மேல். கீழ்வீட்டு மாமி போன குளிர்காலத்தில் படியேறி வந்து, "ஏண்டி, நீ கெமிஸ்ட்ரி டீச்சராச்சே, சொல்லேன். உறையை ரெண்டுக்கு நாலு ஸ்பூனா விட்டேன், காலம்பற பார்த்தா பாலாவே இருக்கு" என்றார். "உறையைக் கூட்டாதீங்க மாமி, சூடு இறங்காம பாத்துக்கோங்க" என்றேன். "அது எப்படி? உறை ஜாஸ்தியானா சீக்கிரம் தோயணுமோன்னோ?" நியாயமான கேள்வி. உறையைக் கூட்டினால் வேலையாட்கள் கூடுகிறார்கள், ஆனால் எல்லோரும் குளிரில் விறைத்துக் கிடக்கிறார்கள். பாக்டீரியாவுக்குள் அமிலம் தயாரிப்பவையும் புரதங்கள்தான், நொதிகள். குளிர் அவற்றைக் கெடுப்பதில்லை, வேகத்தை மட்டும் குறைக்கிறது. அதனால் காலையில் உறையாத பாலைக் கொட்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி மூடி வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் தயாராக வாய்ப்புண்டு.

குளிருக்கு இன்னொரு கையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாலை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, அந்தக் குளிரிலேயே அமிலம் சேர்த்துப் பி.எச். 4.6 வரை கொண்டுபோனாலும் அது உறையாது. பிறகு ஆட்டாமல் மெல்லச் சூடேற்றினால் அப்படியே கெட்டியாகிவிடும். சுமை போய்விட்டது, ஆனாலும் ஒட்டவில்லை. ஏனென்றால் தண்ணீர் ஆகாத பகுதிகள் ஒன்றையொன்று தேடிப் போகும் போக்கு குளிரில் தளர்ந்துவிடுகிறது. புளிப்பு கதவைத் திறந்து வைக்கிறது, உள்ளே போகச் சூடு வேண்டும்.

மே மாதத்துப் பஞ்சாயத்துக்கும் விடை இதே இடத்தில்தான். புதுப் பாலின் பி.எச். 6.7-ஐ ஒட்டி இருக்கும். பாக்கெட் கடை வாசலில் கிரேட்டில் வெயில் காய்ந்து, உங்கள் ஸ்கூட்டரில் பயணம் செய்து, மின்வெட்டில் ஃபிரிட்ஜுக்குள் வியர்த்து, பி.எச். 6-க்குக் கீழே நழுவியிருக்கும். நாக்குக்குப் புளிப்பு தெரியாது, கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அறைச் சூட்டில் அது இன்னும் பால்தான். அடுப்பில் ஏற்றியதும் மிச்ச வேலையைச் சூடு முடித்துவிடுகிறது. சூடு கூடக் கூட, குறைந்த புளிப்பே கேசீனைத் திரட்டப் போதும். திரிந்தது அடுப்பில், கெட்டது அதற்கும் முன்பே. பால் கொள்முதல் நிலையங்களில் இதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள்: சோதனைக் குழாயில் 5 மில்லி பாலை ஊற்றிக் கொதிக்கும் நீரில் 5 நிமிடம் வைப்பார்கள், திரிந்தால் கேனைத் திருப்பி அனுப்புவார்கள். அதை ஏமாற்றச் சோடா கலப்பவர்களும் உண்டு; சோடா புளிப்பை அணைத்துவிடும், பால் திரியாது. அதைப் பிடிக்க ரோசாலிக் அமிலச் சோதனை இருக்கிறது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் காய்ச்சிப் பாருங்கள், முழுப் பாலையும் பழைய பாலோடு கலப்பதற்கு முன்னால்.

மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி இதே விபத்தைத் திட்டம் போட்டுச் செய்கிறார். பால் பொங்கி வரும்போது இறக்கி, கொதி அடங்கியதும் எலுமிச்சைச் சாற்றை விடுவார். சூடு உச்சத்தில் இருக்கையில் புளிப்பு ஒரே அடியாக விழுகிறது. பி.எச். 5.3-ஐ ஒட்டி வரும்போதே கேசீன் கட்டி கட்டியாகத் திரண்டு, குலைந்து கிடக்கும் வே புரதத்தையும் இழுத்துக்கொண்டு, தண்ணீரைப் பச்சையாக வெளியே தள்ளிவிடும். தயிரில் தண்ணீரைச் சிறைபிடித்த அதே புரதம் இங்கே விரட்டுகிறது. பன்னீர் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உருகாது. பீட்சா மேல் போடும் சீஸ் உருகும். சீஸில் கால்சியம் இன்னும் புரதங்களுக்கு நடுவில் இருக்கிறது, சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து வழியும். பன்னீரில் அமிலம் கால்சியத்தின் பெரும்பகுதியை அரித்து எடுத்துவிட்டது. புரதம் புரதத்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டது. இனிமேல் சூடேற்றினால் இறுகத்தான் செய்யும்.

இடையில் ஒன்று. சமையலறையில் புளிப்பு செய்வதையெல்லாம் புரதக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பருப்பு வேகும் முன் புளித்தண்ணீர் விட்டால் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். அதற்குக் காரணம் செல் சுவரில் இருக்கும் பெக்டின், அது அமிலத்தில் எளிதில் கரையாது. யூடியூபில் இதற்கும் புரதத்தையே காரணமாகச் சொல்கிறார்கள்.

உடம்புக்குள் வந்தால் ஆட்டம் இன்னும் நுணுக்கம். ரத்தத்தின் பி.எச். 7.35-இலிருந்து 7.45 வரை, அதற்கு வெளியே போனால் ஆபத்து. வெப்பம் 37. இந்தக் குறுகிய சந்துக்குள்ளேயே ஹீமோகுளோபின் இரண்டையும் சாதுரியமாகப் பயன்படுத்துகிறது. ஓடுகிறவனின் தொடைத் தசை சூடாக இருக்கும். கரியமில வாயுவாலும் லாக்டிக் அமிலத்தாலும் சற்றுப் புளித்தும் இருக்கும். சூடும் புளிப்பும் சேர்ந்து பட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் சிறிது நகர்ந்து, ஆக்சிஜன் பிடி தளர்கிறது. எங்கே தேவையோ அங்கே இறக்கிவிடுகிறது. நுரையீரலில் கரியமில வாயு வெளியேறியதும் பிடி மறுபடி இறுகுகிறது. கரியமில வாயுவின் இந்த விளைவை 1904-இல் சொன்னவர் கிறிஸ்டியன் போர், அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் அப்பா. மடிப்பு மெல்லிய லாபத்தில் நிற்பதைக் குறை என்று நினைத்தேன் என்றால், இதை எதில் சேர்ப்பது? கல்லாக இறுகிய புரதத்தால் இந்த வேலை நடக்காது.

சந்து உடையும் நாட்களும் டெல்லியில் வரும். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்தது. உணர்கருவியில் 3 டிகிரி பிழை என்று வானிலைத் துறை பிறகு திருத்தியது. திருத்திய பின்னும் 49.9. உடம்பின் உள்சூடு 40-ஐத் தாண்டினால் வெப்பவாதம். செல்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. 1962-இல் ஃபெருச்சோ ரிட்டோசா பழ ஈக்களின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட, குரோமோசோமில் புதிதாகச் சில இடங்கள் வீங்கி எழுந்தன. அங்கிருந்து உருவாகுபவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். குலையத் தொடங்கிய மற்ற புரதங்களைப் பிடித்து, சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, மறுபடி மடிய உதவும். வெப்பம் மெல்ல ஏறினால் இவை தயாராக அவகாசம் கிடைக்கும். இங்கேயும் வேகம்தான் கணக்கு.

கடைசியாக எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின் ஊசிப் பேனா. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இரவில் கிளார்ஜின் இன்சுலின். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இன்சுலினும் புரதம், இயற்கையான இன்சுலினின் சமமின் புள்ளி 5.4-ஐ ஒட்டி இருக்கும். அதன் வாலில் இரண்டு அர்ஜினைன்களைச் சேர்த்து, இன்னோர் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தையும் மாற்றி, அந்தப் புள்ளியை 6.7-க்கு ஏற்றிவிட்டார்கள். பேனாவுக்குள் பி.எச். 4, எனவே தெளிந்த கரைசல். தோலுக்கடியில் போனதும் 7.4. சமமின் புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மூலக்கூறுகள் சுமை குறைந்து, அங்கேயே நுண்ணிய படிவாக உறைகின்றன. அது ஏறக்குறைய நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்துக்குப் போகிறது. கேசீன் புளிப்பை நோக்கி இறங்கும்போது உறைகிறது, இது புளிப்பிலிருந்து ஏறும்போது. அதனால்தான் கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்கிறார்கள். கலந்தால் பி.எச். மாறி, உறைய வேண்டிய இடத்துக்கு முன்பே உறைந்துவிடும்.

திறக்காத பேனாவுக்கு 2-இலிருந்து 8 டிகிரி. ஃப்ரீசருக்கு அடியில் வைத்து உறைந்துபோனதைத் திரும்ப உருக்கிப் போடக் கூடாது, காரின் டேஷ்போர்டில் வெந்ததையும் போடக் கூடாது. இரண்டிலும் இன்சுலின் குலைந்து இழைஇழையாகப் பின்னிக்கொள்ளும், சர்க்கரையை இறக்காது. கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ துணுக்கோ தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். என்.பி.எச். என்ற வேறு வகை இன்சுலின் போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், அது இயல்பிலேயே கலங்கல்தான். உருட்டிக் கலக்கினால் ஒரே சீராக வெண்மையாக வர வேண்டும், கட்டி தட்டக் கூடாது.